கலைவாணர் வளர்த்த நகைச்சுவை

காஞ்சியும் நகைச்சுவையும்

தொண்டை நாட்டின் தலைநகராய்ப் பண்டு விளங்கியது காஞ்சி மாநகரம். வானளாவும் கோபுரங்களும், பல்லவர் எடுப்பித்த கற்றளிகளும், தெருக்களில் ஒலிக்கும் தறியோசையும் அந்நகரின் சிறப்பை இன்றும் உணர்த்துகின்றன. கோயிலாலும் பட்டாலும் புகழ்பெற்ற அவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. அதனை அறிந்தோர் சிலரே. அந்நகரை ஆண்ட மன்னன் ஒருவன், அந்நகரின் தெருக்களையே களமாகக் கொண்டு ஒரு நகைச்சுவை நாடகம் இயற்றினான் என்பதே அப்பெருமை.

7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் வீற்றிருந்து ஆட்சி புரிந்தவன் முதலாம் மகேந்திரவர்மன். பாறையைக் குடைந்து கோயில்கள் அமைத்த அம்மன்னன், மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நாடகத்தை வடமொழியில் எழுதினான். கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தை இழந்துவிடுகிறான். அவ்வழியே வந்த புத்தத் துறவியே அதனைத் திருடினார் என்று அவரோடு வழக்கிடுகிறான். பூசல் பெரிதாகிறது. இறுதியில், கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாயே என்பது வெளியாகிறது. துறவுக்கோலம் பூண்டு அதற்கு மாறாக ஒழுகுவோரை அந்நாடகம் நகையாடியது. மன்னன் விரும்பியிருந்தால் எளிய குடிமக்களை எள்ளி நகைத்திருக்கலாம். அவனைத் தடுப்பார் எவரும் இலர். அவனோ, மக்கள் அஞ்சி வணங்கிய போலிகளையே நகைப்புக்கு உரியோராக்கினான்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தபோது நகையையே முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என்றும் கூறினார். இவற்றுள் எள்ளல் என்பது கத்தியைப் போன்றது. மருத்துவன் கையில் உள்ள கத்தி நோயை நீக்கும். கொடியவன் கையில் உள்ள கத்தி உயிரைப் போக்கும். எள்ளலைக் குற்றத்தின்மேல் செலுத்தினால் சமுதாயம் திருந்தும்; எளியோர்மேல் செலுத்தினால் அவர்தம் உள்ளம் புண்படும். இவ்வேற்றுமையை நன்கு உணர்ந்து, தமிழ் மக்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த பெருந்தகை ஒருவர் 20-ஆம் நூற்றாண்டில் தோன்றினார். அவரே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

பிறப்பும் இளமையும்

நாகர்கோவிலை அடுத்துள்ள சிற்றூர் ஒழுகினசேரி. அவ்வூரில் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாக 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. குடும்பத்தை வறுமை வாட்டியது. ஆதலால் தொடக்கப் பள்ளிப் படிப்போடு அவர் கல்வி நின்றுவிட்டது. புத்தகம் ஏந்த வேண்டிய இளங்கைகள் கூலிவேலை செய்யலாயின. மாலையில் நாடகக் கொட்டகையில் தின்பண்டங்கள் விற்று அவர் சில காசுகள் ஈட்டினார்.

அக்கொட்டகையே அவருக்கு இரண்டாம் பள்ளிக்கூடமாயிற்று. தின்பண்டத் தட்டைக் கையில் ஏந்தியவாறே நடிகர்களின் பேச்சையும் பாட்டையும் கூர்ந்து நோக்கினார். நாஞ்சில் நாட்டுக் கோயில் விழாக்களில் நிகழும் வில்லுப்பாட்டும் அவர் நெஞ்சைக் கவர்ந்தது. வில்லும் குடமும் உடுக்கையும் முழங்க, ஒருவர் கதை சொல்ல, உடனிருப்போர் ஆமெனப் பின்பாட்டுப் பாடுவர். கதைக்கிடையே ஊர் நடப்புகளும் நகைச்சுவையாக இழைந்து வரும். மக்களின் பேச்சு மொழியிலேயே மக்களுக்கு அறிவு கூறும் இக்கலையில் அவர் இளமையிலேயே பயிற்சி பெற்றார். பிற்கால வெற்றிக்கு வித்தாக அமைந்தது இப்பயிற்சியே.

நாடக மேடை

பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் அவர் சேர்ந்தார். ஒழுங்கும் கட்டுப்பாடும் மிக்க அக்குழுவில் எந்த வேடம் தந்தாலும் ஏற்று நடித்தார். ஆயினும் நகைச்சுவை வேடமே அவருக்கு இயல்பாகப் பொருந்தியது.

அந்நாளில் நாடக மேடையில் நகைச்சுவை நடிகரைப் பபூன் என்று அழைப்பர். அரசனும் அரசியும் ஓய்வு கொள்ளும் இடைவேளையில் பபூன் தோன்றுவான். அவனுக்கும் கதைக்கும் பெரும்பாலும் தொடர்பு இராது. கோணல் உடையணிந்து குதித்தலும், இழிந்த பொருள்படப் பேசுதலும், வேலைக்காரர், நாட்டுப்புறத்தார் முதலியோரின் பேச்சையும் தோற்றத்தையும் பழித்துக் காட்டலுமே பலரிடம் நகைச்சுவையாக வழங்கின. கறுத்த மேனியும், பருத்த உடலும், திக்கும் நாவும் சிரிப்புக்குரியனவாகக் கருதப்பட்டன. கொட்டகையின் மண் தரையில் அமர்ந்து காசு கொடுத்துக் கண்ட ஏழை மக்கள், தம்மையே பழிக்கும் காட்சியைக் கண்டு தாமே சிரித்தனர். அவர்களிடையே தின்பண்டம் விற்று வளர்ந்தவர் கிருஷ்ணன். எனவே, மேடைமீது ஏறிய பின்னும் மண் தரையில் அமர்ந்திருந்தோரை அவர் மறந்தாரில்லை.

திரையுலகமும் ஹாலிவுட்டும்

தமிழில் பேசும் படங்கள் பெருகத் தொடங்கியபோது கிருஷ்ணனும் திரையுலகம் புகுந்தார். 1935-இல் வெளிவந்த மேனகா என்னும் படத்தில் நடித்தார். 1936-இல் வெளிவந்த சதி லீலாவதியிலும் நடித்தார். எஸ். எஸ். வாசன் எழுதிய கதையைத் தழுவிய அப்படம் குடியின் கேட்டை எடுத்துரைத்தது. அதனை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். தமிழ் அறியாத அவர், தம் நாட்டில் கற்ற தொழில்நுட்பத்தைத் தமிழ்ப் படங்களுக்குக் கொண்டுவந்தார்.

டங்கன் பிறந்த அமெரிக்க நாட்டில் படத்தொழிலின் தலைமையிடம் ஹாலிவுட். தொழில்நுட்பத்தில் உலகுக்கு வழிகாட்டிய அப்படவுலகம், நகைச்சுவையில் ஒரு பெரும்பிழை செய்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த கறுப்பின மக்கள் அந்நாட்டில் பல இலட்சம் பேர் வாழ்ந்தனர். 1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் இழிவு ஒழியவில்லை. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களை அறிவிலிகளாக நடித்துக் காட்டும் வழக்கம் மேடையில் நெடுங்காலம் நிலவியது. பேசும் படக் காலத்தைத் தொடங்கிவைத்ததெனக் கருதப்படும் 1927-ஆம் ஆண்டுப் படத்திலும் தலைமை நடிகர் முகத்தில் கரி பூசியே பாடினார்.

பெர்ட் வில்லியம்ஸ் என்னும் சிறந்த நகைச்சுவை நடிகர் தாமே கறுப்பினத்தவர். அவரும் தம் முகத்தின்மேல் கரி பூசியே மேடை ஏற வேண்டியிருந்தது. பிறப்பால் அமைந்த நிறம் போதாதென்று, பிறர் கற்பித்த நிறத்தையும் அவர் சுமந்தார். 1922-இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின் ஸ்டெபின் பெச்சிட் என்னும் பெயரில் லிங்கன் பெரி என்பவர் படங்களில் புகழ்பெற்றார். சோம்பேறியாக, அச்சமுடையவனாக, சொல்வது விளங்காத வேலைக்காரனாக அவர் மீண்டும் மீண்டும் நடித்தார். அவருடைய திறமை பெரிது. ஈட்டிய பொருளும் பெரிது. ஆனால், கறுப்பின மக்கள் யாவரும் அத்தன்மையர் என்னும் பொய்யை அச்சிரிப்பு வேரூன்றச் செய்தது. அவ்வின மக்களின் நலம் நாடியோர் பிற்காலத்தில் இதனை வன்மையாகக் கண்டித்தனர்.

அடிமைகளாய் இருந்தோரின் மகளாகப் பிறந்தவர் ஹேட்டி மெக்டேனியல். அவர் கான் வித் த விண்ட் என்னும் படத்தில் பணிப்பெண்ணாக நடித்து, 1940-இல் ஆஸ்கர் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் அவரே. ஆனால், பரிசளிப்பு விருந்தில் அவருக்கெனத் தனியே ஒதுக்குப்புறமாக இருக்கை இடப்பட்டது. முன்னர் அட்லாண்டா நகரில் நடந்த அப்படத்தின் முதற்காட்சிக்கும் நிற வேற்றுமையால் அவர் செல்ல இயலவில்லை. இவர்களுக்குத் திறந்திருந்த வாயில் பணியாளர் வேடம் ஒன்றே. ஆதலின் இக்குற்றத்தை அந்நடிகர்மேல் முழுதும் ஏற்றுதல் தகாது. பிற வாயில்களை அடைத்தோரே பெரிதும் பொறுப்பாவர்.

சாதி வேற்றுமை மலிந்த நம் நாட்டிலும் இத்தகைய இடர் இருந்தது. தாழ்த்தப்பட்டோரையும் ஏழையரையும் எள்ளிப் பொருள் ஈட்டும் வழி கிருஷ்ணனுக்கும் திறந்தே கிடந்தது. அவர் அவ்வழிச் செல்லவில்லை.

கிருஷ்ணன் கண்ட புதுநெறி

நகைச்சுவைப் பகுதிகளைத் தம் குழுவினரோடு கூடித் தாமே அமைத்துத் தரும் முறையை அவர் மேற்கொண்டார். அதனால், என்ன சொல்வது, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்னும் உரிமை அவர் கையில் இருந்தது. அவரும் அவருடைய துணைவியார் டி. ஏ. மதுரமும் இணைந்து நடித்த காட்சிகளைக் காணவே மக்கள் திரண்டனர். போலி வைதிகம், மூடப்பழக்கம், கைக்கூலி, குடி, பொருந்தா மணம் ஆகியவை அவர்தம் எள்ளலுக்கு இலக்காயின. வாய்மைக்கு எடுத்துக்காட்டான அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கிப் பொய்யே பேசும் மன்னனைக் காட்டும் சந்திரஹரி என்னும் படத்தில் அவர் நடித்தார். 1941-இல் வெளிவந்த அது, பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகத்தைத் தழுவியது.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்னும் ஒரு நெசவுமுறை உண்டு. சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறொரு நிறமாகவும் இருக்கும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்களைக் கொண்டு நெசவாளரும் உதவியாளரும் சேர்ந்து நெய்வர். உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கவ்விக் கொள்ளும். கிருஷ்ணனின் நகைச்சுவையில் சிரிப்பும் சிந்தனையும் இவ்வாறே பிணைந்திருந்தன. சிரிப்பை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு எவரும் வீடு திரும்ப இயலாது.

துன்பமும் மீட்சியும்

புகழின் உச்சியில் இருந்த காலத்தில் பெருந்துன்பம் ஒன்று அவரைச் சூழ்ந்தது. 1944-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் கொலையுண்டார். அவ்வழக்கில் பாடகரும் நடிகருமான எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் சிரிப்பொலி எழுப்பியவர் சிறைக்குள் அடைபட்டார்.

மதுரம் அம்மையார் மனம் தளரவில்லை. நடிகர் எஸ். வி. சகஸ்ரநாமம் முதலியோரின் துணையோடு நாடகக் குழுவைக் காத்து நின்றார். வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. அதன் ஆணைப்படி உயர்நீதிமன்றம் மீண்டும் ஆராய்ந்து, 1947-இல் இருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிறையில் கழிந்தன. செல்வம் கரைந்தது, ஆயினும் மக்களின் அன்பு கரையவில்லை. அவ்வாண்டிலேயே கலைவாணர் என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. சிறைத்துன்பம் அவர் நெஞ்சைக் கசப்பாக்கவில்லை. மக்களுக்குத் தொண்டாற்றும் விருப்பத்தையே மிகுவித்தது.

காஞ்சி எழுத்தும் கலைவாணர் நடிப்பும்

காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்தவர் பேரறிஞர் அண்ணா. நாவன்மையும் எழுத்து வன்மையும் மிக்க அவரைக் கொண்டு கலைவாணர் ஒரு திரைக்கதை எழுதச் செய்தார். அது நல்லதம்பி என்னும் படமாக 1949-இல் வெளிவந்தது. எதிர்பாராமல் பெருஞ்செல்வம் வாய்க்கப்பெற்ற ஒருவர் அதனைப் பொதுநலத்துக்குப் பயன்படுத்த முற்படுவதே கதை. அதற்கு அடிப்படை, 1936-இல் ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட ஒரு படம். நீரை விலக்கிப் பாலை உண்ணும் அன்னத்தைப் போல, அப்படவுலகின் தீயதை விடுத்து நல்லதைக் கொண்டனர் இவ்விருவரும். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு 1948-இல் நடைமுறைக்கு வந்திருந்தது. இப்படம் அந்நற்செயலைப் பரப்பியது. காஞ்சித் தெருவில் தள்ளாடிய குடியனை மகேந்திரவர்மன் நகையாடி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், காஞ்சிப் பேரறிஞரின் எழுத்து மீண்டும் குடியை நகையாடியது.

அப்படத்தின் மணியாக விளங்கியது கிந்தனார் கதாகாலட்சேபம். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த நந்தனார் தில்லையைக் காண ஏங்கிய வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். கோபாலகிருஷ்ண பாரதியார் அதனைக் கீர்த்தனைகளாகப் பாடினார். அவ்வடிவத்தையே கலைவாணர் மேற்கொண்டார். ஆனால், அவர் காட்டிய கிந்தன் ஏங்கியது கல்விக்காக. ஊர்ப்பள்ளியில் அவனை அடித்துத் துரத்துகின்றனர். அவன் சென்னைக்குச் செல்லப் புகைவண்டி ஏறுகிறான். எல்லாச் சாதியினரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் புகைவண்டி அவனுக்கு வியப்பளிக்கிறது. நகரில் கற்றுத் தேர்ந்து, கல்வி அதிகாரியாகித் தன் ஊருக்கே திரும்புகிறான். முன்பு துரத்திய ஆசிரியரே அவனை வரவேற்க நேர்கிறது.

இக்கதையைக் கேட்டு மக்கள் விலா நோகச் சிரித்தனர். யாரை எண்ணிச் சிரித்தனர்? கிந்தனை எண்ணி அன்று. அவனைத் தடுத்தோரின் அறியாமையை எண்ணியே சிரித்தனர். தாழ்த்தப்பட்டவனை நகைப்புக்கு உரியவனாக்காமல், தாழ்த்தியவரை நாணச் செய்தமையே கலைவாணர் வென்ற வெற்றி. ஹாலிவுட்டில் பணிப்பெண்ணாக நடித்தவர் பரிசு பெற்றும் தனியிருக்கையில் அமர்ந்தார். கலைவாணரின் கதையிலோ ஒதுக்கப்பட்ட சிறுவன் ஊரார் நடுவே உயர்ந்த இருக்கை பெற்றான். வறுமையால் கல்வி இழந்த ஒருவரின் உள்ளத்தில் பிறந்தமையால் அக்கதை கேட்போர் நெஞ்சைத் தொட்டது.

காஞ்சிக் கூட்டம்

1951-இல் கலைவாணர் இந்தியக் கலைஞர்களோடு சோவியத் நாட்டுக்குச் சென்றுவந்தார். மணமகள், பணம் முதலிய படங்களை இயக்கினார். ஈட்டிய பொருளை இல்லை என்னாது வாரி வழங்கினார். நாகர்கோவிலில் காந்தியடிகளுக்குத் தம் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். கொடுத்துக் கொடுத்தே அவர் கை வறிதாயிற்று, உடலும் நலிந்தது.

1957-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அண்ணா காஞ்சித் தொகுதியில் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர், மக்கள் மதிப்பைப் பெற்ற ஒரு மருத்துவர். நண்பருக்கு ஆதரவு தேடிக் கலைவாணர் காஞ்சிக்கு வந்தார். அவருடைய பேச்சைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடியது. எதிராளியை அவர் எவ்வாறெல்லாம் எள்ளப் போகிறாரோ என்று எல்லோரும் காத்திருந்தனர். அவரோ மருத்துவரைப் புகழத் தொடங்கினார். அவருடைய கைராசியையும் நற்குணத்தையும் எடுத்தெடுத்துக் கூறினார். கூட்டத்தினர் திகைத்தனர். நண்பருக்காக வந்தவர் மாற்றாருக்கு வாக்குக் கேட்கிறாரோ என்று ஐயுற்றனர். முடிவில் கலைவாணர், இத்துணை நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் காஞ்சி மக்களின் நோயை யார் தீர்ப்பார் என்று வினவினார். மருத்துவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்புமாறு வேண்டினார். சிரிப்பொலி அடங்க நெடுநேரமாயிற்று என்பர். அத்தேர்தலில் அண்ணா வெற்றி பெற்றார்.

பழிச்சொல் மழையாகப் பொழிவது தேர்தல் மேடை. அங்கும் ஒருவரையும் இழிவு செய்யாமல் சிரிப்பை விளைவித்தார் கலைவாணர். புகழப்பட்ட மருத்துவரே அப்பேச்சைக் கேட்டிருப்பினும் சினங்கொள்ள இடமில்லை. கலைவாணரின் நகைச்சுவைக்கு இதனினும் சிறந்த உரைகல் வேறு வேண்டுவதில்லை.

மறைவும் நினைவும்

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள் கலைவாணர் சென்னையில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு ஐம்பது வயதும் நிறையவில்லை. மக்கள் கண்ணீர் பெருக்கினர். சிரிக்க வைத்தவர் அழவைத்த நாள் அது ஒன்றே.

1969-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று, சென்னைத் தியாகராய நகரில் கலைவாணரின் சிலையை அந்நாள் முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். நோயால் மெலிந்திருந்த நிலையிலும் நண்பருக்காக அவர் வந்தார். அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சியாக அது அமைந்தது. அடுத்த மாதம் 3-ஆம் நாள் அவரும் மறைந்தார். சென்னை வாலாஜா சாலையில் உள்ள கலைவாணர் அரங்கம் இன்றும் கிருஷ்ணனின் பெயரை நினைவூட்டி நிற்கிறது.

நிறத்தையும் பிறப்பையும் உறுப்புக் குறையையும் ஏழைமையையும் நகைக்கும் வழக்கம் திரையிலும் தெருவிலும் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. வகுப்பறையிலும் அது சில வேளைகளில் தலைகாட்டும். ஒருவர் தலைகுனிய மற்றவர் சிரிப்பது நகைச்சுவை ஆகாது. சிரிக்கப்பட்டவரும் உடன் சிரிக்கும்படியும், குற்றம் உடையவர் தாமே நாணித் திருந்தும்படியும் அமைவதே உயர்ந்த நகைச்சுவை. தின்பண்டத் தட்டு ஏந்திய கையால் கலையுலகை உயர்த்திய கலைவாணரின் வாழ்வு புகட்டும் பாடம் இதுவே. சிரிக்கத் தொடங்குமுன், அச்சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று எண்ணிப் பார்ப்பதே அவருக்குச் செலுத்தும் சிறந்த நன்றியாகும்.